முதுகில் ஒரு கைப்பிடி

தம்பி வீட்டு மாப்பிள்ளை பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துகொண்டுதான் அந்தப் படகில் ஏறினேன்.

துப்பறிகிறவன் அப்படி ஏறக் கூடாது. கப்பல் விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவன் நான். இதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இது யாரோ ஒருவருடைய பட்டறை அல்ல. என் அப்பா எழுப்பிய படகுப் பட்டறை. நான் விசாரணை உத்தியோகத்துக்குப் போனபோது முழுமனதோடு தம்பியிடம் விட்டுவிட்டு வந்தது. இந்தப் பட்டறையில் நிறுத்திய பாய்மரம் கடலில் முறிந்தது என்ற பேச்சை என் ஆயுளில் கேட்டதில்லை. அன்று துறைமுக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பேசிக் கேட்டேன். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அது இன்னும் மோசம்.

"அலுமினியத்துல செஞ்சுட்டு அதுக்கு மரம்னு பேர் வெச்சா, அது கோவிச்சுக்கிட்டு முறியாம என்ன செய்யும், அத்தான்?" என்றான் பின்னால் வந்த மச்சினன்.

இவன் என் மனைவியின் தம்பி. எனக்கு உதவியாள். வாய்க்குப் பூட்டு கிடையாது; ஆனால் கண்ணுக்கும் இமை கிடையாது. பின்னதற்காக முன்னதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். டாக்டரம்மா ஒருவரின் பாய்மரப் படகுக்கு எங்கள் பட்டறையில் புது ஏற்பாடு ஒன்று பொருத்தினார்கள். பாய்மரத்தை நாலா பக்கமும் இழுத்து நிறுத்தும் கம்பிகளை முன்பெல்லாம் ஒவ்வொன்றாகத் திருகி முறுக்குவோம். இப்போது அப்படியில்லை. மரத்தின் அடியில், தரைப்பலகைக்குக் கீழே, எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஒரு ஹைட்ராலிக் ஜாக் இருக்கிறது. பம்ப்பை அடித்தால் அது மரத்தையே மேலே தூக்கும். எல்லாக் கம்பிகளும் ஒரே சமயத்தில் விறைக்கும். அடியில் விழும் இடைவெளியில் இரும்புத் தகடுகளை அடுக்கி, ஆணி கோத்துவிட்டு, ஜாக்கை இறக்கினால் மரம் தகடுகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். விறைப்பு அப்படியே நிற்கும்.

ஐந்து தகடு வைத்தேன் என்கிறார், அதைப் பொருத்திய மாப்பிள்ளை. முறிந்த படகைக் கரைக்கு இழுத்து வந்து பார்த்தபோது நான்குதான் இருந்தன. ஆணி ஒழுங்காகக் கோத்திருந்தது. ஆக, ஐந்தாவது தகடு தானாக நழுவியிருக்க முடியாது. ஒன்று, வைக்கவே இல்லை. அல்லது யாரோ எடுத்திருக்கிறார்கள். ஒரு தகடு குறைந்ததால் கம்பிகள் தளர்ந்து, முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் கடலில் காற்று ஓங்கி அடித்தபோது மரம் துள்ளி, மேல்தளத்தை ஒட்டி முறிந்து, சுக்கான் பிடித்திருந்த டாக்டரம்மாவின் தம்பி மேல் சாய்ந்தது. தோள்பட்டை நொறுங்கிவிட்டது.

மாலையில் டாக்டரம்மா வருவதாகச் சொல்லியிருந்தார். தொலைபேசியில் அவர் பேசியது சுருக்கம். எனக்கு இருப்பது ஒரே தம்பி, நீங்கள் யாரைக் காட்டுகிறீர்களோ அவரைத் துறைமுக அலுவலகத்தில் நிறுத்துவேன், அதற்குப் பிறகு அந்த ஆள் இந்தத் தண்ணீரில் ஒரு படகையும் தொட முடியாது. உங்கள் வார்த்தை எனக்குப் போதும். எனக்கும் இருப்பது ஒரே தம்பிதான் என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன்.

அந்தத் தம்பிதான் என்னை அழைத்தவன். பட்டறை வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளை அவசரக்காரர், படித்த படிப்பை நம்பிக் கையை நம்பாதவர், மகள் முகத்துக்காகப் பொறுத்துப்போனேன், இப்போது அப்பா பேரே போய்விட்டது என்றான். நீ நேற்று மத்தியானம் படகில் ஏறினாயா என்று ஒரு முறைக்காகக் கேட்டேன். எல்லோரையும் கேட்கும் கேள்வி.

அவன் என் தோளில் கை வைத்தான். "உங்க மேல சத்தியமா, அண்ணா. அந்தப் படகுப் பக்கமே நான் போகல. அந்த எண்ணெய்ச் சமாச்சாரத்தை இன்னிக்கு வரைக்கும் கையால தொட்டதில்ல."

எனக்கு அது போதும். மச்சினனுக்குப் போதவில்லை போலும், காதைச் சொறிந்துகொண்டான்.

"உங்க வீட்டுல பாலு திரிஞ்சாக்கூட மாப்பிள்ளை மேலதான் பழி விழும்போல," என்றான் படகுக்குள் இறங்கும்போது. "நானும் உங்களுக்குப் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன். எதுக்கும் கொஞ்சம் தள்ளியே நிக்கறேன்."

உள்ளே மாப்பிள்ளை காத்திருந்தார். முகம் சவரம் காணாமல் இருந்தது. நான் அவரை 'நீங்க' என்றுதான் அழைப்பேன், மாப்பிள்ளை ஆயிற்றே. மரியாதை குறையாமல் சந்தேகப்பட்டேன்.

தரைப்பலகையைத் தூக்கினார். முறிந்த மரத்தின் அடித்துண்டு அப்படியே நின்றது. ஓர் ஆள் குனிந்து ஒரு கையை மட்டும் விடக்கூடிய பொந்து. பக்கச் சுவரில் பம்ப். நான் முழங்காலிட்டேன். பிறகு, பொந்துக்குள் கை விடுவதற்கு முன், பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டி, "கைப்பிடி" என்றேன்.

மாப்பிள்ளை பம்ப்பைப் பார்த்தார். கைப்பிடி மாட்டும் கொக்கி காலியாக இருந்தது.

"இங்கதான் மாட்டினேன், பெரிய மாமா," என்றார். "காலையில வேலை முடிச்சதும் துடைச்சு இங்கதான் மாட்டினேன்."

கைப்பிடியை எதற்குக் கேட்டீர்கள் என்றான் மச்சினன். சொன்னேன். என் அப்பாவுக்கு இடது கையில் இரண்டு விரல் பாதிதான். லாரி ஜாக்கை வைத்து மரம் தூக்கிய காலத்தில், அவர் கை உள்ளே இருக்கும்போது யாரோ ஜாக்கை இறக்கிவிட்டான். தூக்கவும் அந்தக் கைப்பிடிதான். அதன் நுனியை வால்வில் கொடுத்துத் திருகினால் இறக்கவும் அதுதான். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் வந்தது: கை உள்ளே, கைப்பிடி முதுகிலே. எவன் கை உள்ளே போகிறதோ அவன் கைப்பிடியைக் கழற்றி, சட்டைக் காலர் வழியாக முதுகுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், கைப்பிடியும் இன்னொருவனுக்குக் கிடைக்கக் கூடாது. எனக்கும் தம்பிக்கும் மீசை முளைப்பதற்கு முன்பே இதை அடித்துச் சொல்லிக்கொடுத்தார். முதுகெலும்பை ஒட்டிச் சில்லென்று இறங்கும் இரும்பு. அந்த வீட்டு ஆட்கள் நிமிர்ந்து நடப்பதற்குக் காரணமே அதுதான் என்று துறைமுகத்தில் கேலி பேசுவார்கள். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

"மாப்பிள்ளை, நீங்களும் முதுகுலதான் செருகிக்குவீங்களா?" என்றான் மச்சினன்.

இல்லை என்றார். அவர் பயின்ற இடத்தில் மரக்கட்டை ஒன்றை இடைவெளியில் முட்டுக்கொடுத்த பிறகுதான் கையை விடுவார்களாம். கட்டையைக் காட்டினார். தேய்ந்த தேக்குக் கட்டை. இங்கு வந்த புதிதில் மாமனார் அதைப் பார்த்துச் சிரித்தார் என்றும் சொன்னார். கம்பிகளைப் புறப்படும்போது ஒருமுறை அசைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை, காலையில் பம்ப்பின் அழுத்த மீட்டரில் பார்த்ததை நம்பினேன், அது என் தப்பு என்றார். தப்பை இத்தனை லேசில் ஒப்புக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. பெரிய தப்பை மறைக்கச் சின்னத் தப்பைக் காணிக்கை கொடுப்பார்கள்.

ஆனாலும் பிடி கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை சொல்வது உண்மையானால், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படகு தனியாகக் கட்டிக் கிடந்தபோது யாரோ ஏறி, மரத்தைத் தூக்கி, ஒரு தகட்டை உருவியிருக்கிறார்கள். அதற்குக் கைப்பிடி வேண்டும். அதைத் திரும்ப மாட்டாமல் போயிருக்கிறார்கள். கைப்பிடி எங்கேயோ ஆள் அங்கே.

தேடினோம். படகின் அடிவயிறு, கயிற்றுப் பெட்டிகள், படகுத்துறைப் பலகைகளின் இடுக்கு. மச்சினன் தண்ணீரில் கவிழ்ந்து பார்த்துவிட்டு, மீன்கள் எல்லாம் வாய்தா கேட்கின்றன என்றான். பாய் தைக்கும் கூடத்துக்குப் போனோம். அங்கே தம்பி மகள் தரையெல்லாம் விரித்த வெள்ளைப் பாய்த்துணியின் நடுவே தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அவரும் நானும் இங்கேதான் சாப்பிட்டோம் என்றாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க வந்தா சரியாயிடும்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன், பெரியப்பா," என்றாள். நான் பாய்த்துணியின் தையலைப் பார்த்தேன். நேராக இருந்தது.

அப்போதுதான் தம்பி வந்தான். கையில் ஒரு துணிச்சுருள். மாப்பிள்ளையின் கருவிப் பெட்டியில், அடித்தட்டில் இருந்தது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். மகளுக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்த குரல். ஆனால் அவளுக்குக் கேட்டது.

துணியைப் பிரித்தேன். முழங்கை நீளத்தில் இரும்புக் குழாய். கைப்பிடிதான். நுனியில் சிவப்பு எண்ணெய் ஒட்டியிருந்தது. புது பம்ப்போடு வந்த எண்ணெய். பட்டறையில் வேறு எங்கும் அந்த நிறத்தில் எண்ணெய் கிடையாது.

தையல் இயந்திரம் நின்றது. கொக்கியில் மாட்டினேன் என்றவர் மாட்டவில்லை. ஐந்து வைத்தேன் என்றவர் வைக்கவில்லை. என் தம்பி மகளைக் கொடுத்து, அப்பாவின் பட்டறைக் கதவைத் திறந்துவிட்டு, எங்கள் பேரை அவர் கையில் வைத்தோம். அவர் செய்த கைம்மாறு இது. கோபம் வந்தால் நான் கத்துவதில்லை. எனக்கு வாய் உலர்ந்துபோகும். உலர்ந்தது.

"ஒரு சின்ன சந்தேகம், அத்தான்," என்றான் மச்சினன், வெளியே வந்ததும். "நானா இருந்தா திருட்டுச் சாமானைத் தண்ணியில போடுவேன். சுத்திலும் அவ்வளவு தண்ணி இருக்கு, காசும் கேக்காது. இவர் அதைத் துணியில சுத்தி, தன் பெட்டியிலயே வெச்சு, நாம வர்ற வரைக்கும் பத்திரமா அடைகாத்திருக்காரு. கோழி கூட முட்டையை இவ்வளவு அக்கறையா வைக்காது."

பதற்றத்தில் மனிதர்கள் முட்டாள்தனம் செய்வார்கள் என்றேன். அவன் மறுபடி காதைச் சொறிந்துகொண்டான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பட்டறையை ஒட்டித்தான் வீடு. டாக்டரம்மா வரும்வரை உள்ளே உட்காரச் சொன்னார்கள். தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னிடம் நேருக்கு நேர் அதிகம் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை மச்சினனிடம் சொல்வாள், எனக்குக் கேட்கும்படி. மகளின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்றாள். ராத்திரி யாரும் சாப்பிடவில்லை என்றாள். மனம் கனத்தால் சிலர் துணி துவைப்பார்கள். அவள் அந்த ரகம். பின்கட்டில் வாளி நிறையத் துணி ஊறிக்கொண்டிருந்தது.

"துவைச்சாவது கவலை போகுமான்னு பாத்தா, கறையே போகமாட்டேங்குது, அண்ணே," என்றாள் மச்சினனிடம். "நேத்து போட்டிருந்த சட்டை. காலர் அழுக்குன்னா தேய்ச்சா போயிடும். இது உள்பக்கம். முதுகுல, மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு போட்ட மாதிரி சிவப்பா. சட்டைக்கு உள்ள முதுகுல யாராவது எண்ணெய் ஊத்திக்குவாங்களா?"

"முதுகுல குத்தினாத்தான் அப்படி செவப்பா வரும், தங்கச்சி," என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

நானும் சிரிக்கப் போனேன். சிரிப்பு பாதியில் நின்றது.

யாருடைய சட்டை என்று கேட்டது மச்சினன்தான். "உங்க தம்பியோடதுதான்" என்று அவள் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சொன்னாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

படகில் தனியாக இருப்பவன் கைப்பிடியை முதுகில் செருக வேண்டிய அவசியமே இல்லை. ஜாக்கை இறக்க அங்கே வேறு ஆள் ஏது? ஆனால் உடம்பு யோசிக்காது. பொந்துக்குள் கை போகிறது என்றால் முதுகுக்கு இரும்பு வேண்டும். அப்பா அடித்த அடி அப்படி. தகட்டை உருவி, ஜாக்கை இறக்கி, நுனியில் எண்ணெயோடு மறுபடி முதுகுக்கே கொடுத்து, ஆணியைக் கோத்துவிட்டு, அதே வேகத்தில் கரைக்கு இறங்கிவிட்டிருக்கிறான். பட்டறையில் தன் அறை நாற்காலியில் சாய்ந்தபோதுதான் முதுகில் உறுத்தியிருக்கும். அதற்குள் படகு புறப்பட்டிருக்கும். கைப்பிடி மாப்பிள்ளையின் பெட்டிக்குப் போனது அதனால்தான்.

அப்பா காலத்து ஆட்கள் போன பிறகு, உலகத்தில் அந்தக் கறை விழக்கூடிய சட்டைகள் இரண்டுதான். ஒன்று என்னுடையது.

வண்டிச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா வந்துவிட்டார்.

மச்சினன் என் பக்கம் குனிந்தான். அவன் குரலில் கேலி இல்லை. "அத்தான், நீங்க என்ன சொன்னாலும் அவங்க நம்புவாங்க. நானும் வாயை மூடிக்குவேன். நீங்கதான் முடிவு பண்ணணும்."

நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

எல்லோரையும் படகுக்குள் அழைத்தேன். டாக்டரம்மா படிக்கட்டை ஒட்டி நின்றார். மாப்பிள்ளை சுவரோரம், அவர் பக்கத்தில் தம்பி மகள். தம்பி மனைவி மேல்படியில் பாதி தெரிந்தாள். தகட்டை எப்படி உருவினார்கள் என்று டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டும், எனக்கு முழங்கால் வளையவில்லை, நீ செய்துகாட்டு என்று தம்பியிடம் சொன்னேன். கைப்பிடியையும், ஐந்தாவதாக வைத்து உருவிக் காட்டப் பட்டறையில் மீதி இருந்த ஒரு தகட்டையும் நீட்டினேன்.

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் அவனை என் தம்பியாகவே பார்த்தேன். அதில் அவனுக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும்.

கைப்பிடியை வாங்கினான். இந்த பம்ப்பில் வால்வு முன்பக்கம் இல்லை. சுவர்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று அவன் கேட்கவில்லை. கையைப் பின்னால் கொடுத்து நேராக அதைத் திருகி மூடினான். பம்ப்பில் மாட்டி அடித்தான். மரத்துண்டு முனகிக்கொண்டு எழுந்தது. ஆணியை உருவினான். கைப்பிடியைக் கழற்றினான். பேச்சுவாக்கில் காதோரம் ஈ ஓட்டுகிறவன் போல, அதைக் காலருக்குப் பின்னால் கொண்டுபோய் முதுகுக்குள் விட்டான். குனிந்தான். கையைப் பொந்துக்குள் நுழைத்தான்.

அப்புறம் அசையவில்லை.

மேல்படியிலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. "அந்தக் கோடு."

மாப்பிள்ளை வால்வு இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். பார்வை மட்டும் தன் அப்பாவின் முதுகில் இருந்தது. சட்டைக்கு வெளியே புடைத்துத் தெரிந்தது அந்த இரும்பு.

"டாக்டரம்மா," என்றேன். "மாப்பிள்ளை அஞ்சு தகடு வெச்சார். வேலையில குறை இல்ல. ஒண்ணை எடுத்தது எங்க வீட்டுக் கை. உங்க தம்பி தோளுக்கு நாங்க பதில் சொல்லணும். அலுவலகத்துக்கு நானே கூட வர்றேன்."

டாக்டரம்மா என் தம்பியின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியேறிப் போனார்.

"தகடு எங்க?" என்றேன்.

"தண்ணியில." குனிந்தபடியே சொன்னான். பிறகு மெல்ல நிமிர்ந்து தரையில் உட்கார்ந்தான். "வர்றவங்க எல்லாம் என்னைத் தாண்டிப் போய், மாப்பிள்ளை இருக்காரான்னு கேக்கறாங்க, அண்ணா. என் பட்டறையில. ஒரு தடவை கம்பி தொளதொளன்னு ஆகித் திரும்பி வரட்டும், நாலு பேர் சிரிக்கட்டும்னு நெனச்சேன். முறியும்னு நெனைக்கல."

அது எனக்குப் புரிந்தது. புரியாதது வேறு. "என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

அவன் தயங்கினான். பொய் சொல்லப் பார்க்கிறானோ என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் தேவலை.

"வேற யார் வந்தாலும் எல்லாரையும் சந்தேகப்படுவாங்க. நீங்க என்னை மட்டும் பாக்கமாட்டீங்க."

என் தோளில் அவன் கை வைத்துச் சத்தியம் செய்த இடம் அப்போதுதான் கனத்தது. குடும்பப் பேருக்காக நான் எதையும் செய்வேன் என்று ஊர் சொல்லும்; அதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்தி நடந்திருக்கிறேன். அந்த நிமிர்வையே அளந்து பார்த்து, அதன் நிழலில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறான் கூடப் பிறந்தவன்.

எழுந்து நிற்க முயன்றான். உட்கார்ந்ததில் கைப்பிடி சட்டைக்குள் இன்னும் கீழே இறங்கி, இடுப்புப் பட்டியில் சிக்கிக்கொண்டது. காலர் வழியாகக் கையை விட்டான், எட்டவில்லை. கீழ்வழியாகவும் முயன்றான். இந்த மாதிரி சிக்கிக்கொள்வது எங்களுக்குப் புதிதல்ல. அப்போதெல்லாம் ஒருவன் திரும்பி முதுகைக் காட்டுவான், மற்றவன் உருவி எடுத்துவிடுவான். ஒரு வார்த்தை பேசவேண்டியிருக்காது.

அவன் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

என் கை எழவில்லை.

சுவரோரம் நின்ற மாப்பிள்ளை முன்னால் வந்தார். மாமனாரின் சட்டையை இடுப்புப் பக்கம் லேசாகத் தூக்கி, கைப்பிடியை நோகாமல் உருவி எடுத்தார். நுனியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பம்ப்புக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியில் மாட்டினார்.

பிறகு, அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.